ஆகஸ்டில் வரும் படங்கள்: அமெரிக்கக் கோடையின் கடைசி வாரங்களில் வசூலைப் படிப்பது எப்படி?

அமெரிக்கத் திரைப்பட வசூல் செய்திகளைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் ஒரு புதிராகவே இருக்கும். ஜூலை முழுக்கச் சாதனை, சாதனை என்று வந்துகொண்டிருந்த செய்திகள், ஆகஸ்ட் நடுவில் திடீரென்று சோர்ந்துபோகும். முதலிடத்தில் இருக்கும் படத்தின் வசூலே, ஒரு மாதத்துக்கு முன்பு மூன்றாம் இடத்தில் இருந்த படத்தின் வசூலைவிடக் குறைவாக இருக்கும். இதைப் பார்ப்பவர்கள், ஆகஸ்டில் வரும் படங்கள் எல்லாம் கழித்துக் கட்டப்பட்ட சரக்கு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தக் காலத்தில் கூட்டம் குறைவது உண்மை. ஆனால் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், ஆண்டின் மிகச் சுவையான வெற்றிகள் சில இந்த வாரங்களில்தான் கண்ணில் படும்.

முதலில் நாள்காட்டி. நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்கள். அமெரிக்காவில் பள்ளிகள் மே இறுதியிலோ ஜூன் மாதத்திலோ மூடுகின்றன. அங்குள்ள திரைத்துறையின் கணக்கில் கோடைப் பருவம் என்பது மே மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையில் தொடங்கி, செப்டம்பர் மாத முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தினத்தோடு முடிகிறது. ஏறக்குறைய நான்கு மாதம். ஆண்டு வசூலின் பெரும்பங்கு இந்த நான்கு மாதங்களிலும், நவம்பர், டிசம்பர் பண்டிகைக் காலத்திலும் வந்துவிடும்.

கோடை எப்போதும் இப்படி இருந்ததில்லை. நூறாண்டுகளுக்கு முன் வெயில் காலம் என்றால் திரையரங்குகளுக்குக் கெட்ட காலம். புழுக்கத்தில் மூடிய அரங்குக்குள் யார் போய் உட்காருவார்கள்? 1925ஆம் ஆண்டு, வில்லிஸ் கேரியரின் குளிர்சாதன இயந்திரம் நியூயார்க்கின் ரிவோலி திரையரங்கில் பொருத்தப்பட்டது. அதன்பின் வெயிலுக்கு ஒதுங்குவதற்காகவே மக்கள் படத்துக்குப் போனார்கள். இன்றைய கோடைப் பருவத்துக்கு அடித்தளம் போட்டது 1975 ஜூன் 20 அன்று வெளியான 'ஜாஸ்'. தொலைக்காட்சியில் விளம்பரங்களைக் குவித்து, ஒரே நாளில் 409 திரையரங்குகளில் வெளியிட்டார்கள். இன்று 4,000 அரங்குகளில் படங்கள் வெளியாகும்போது அந்த எண் சிறிதாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு பெரிய படம் முதலில் சில நகரங்களில் ஓடி, பிறகு மெல்ல மற்ற ஊர்களுக்குப் பரவுவதே வழக்கம். அந்த வழக்கத்தை உடைத்த பிறகு, மே, ஜூன், ஜூலை மாதங்களின் வெள்ளிக்கிழமைகளுக்காக நிறுவனங்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கின. தேதி பிடிக்க முடியாதவை ஆகஸ்டுக்குத் தள்ளப்பட்டன.

ஆகஸ்டில் கூட்டம் ஏன் குறைகிறது என்பதற்கு முதல் காரணம் பள்ளி. ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவைச் சுற்றியுள்ள பல பள்ளிகள் ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே திறந்துவிடுகின்றன. நியூயார்க் நகரத்தின் அரசுப் பள்ளிகள் தொழிலாளர் தினம் கழிந்த பிறகுதான் திறக்கின்றன. ஆக, நாடு முழுவதும் ஒரே நாளில் விடுமுறை முடிவதில்லை. தெற்கிலிருந்து தொடங்கி வாரம் வாரமாகப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புகிறார்கள், திரையரங்கின் பகல் காட்சிகளும் வாரம் வாரமாக வெறிச்சோடுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது வார நாள் வசூல். ஜூலையில் செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோரோ தாத்தா பாட்டியோ வருவார்கள். திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளும் படத்துக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் அந்த நான்கு நாளும் மாலைக் காட்சியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். சனி, ஞாயிறில் ஒரே அளவு வசூலித்த இரண்டு படங்களில், ஜூலையில் வந்த படம் அடுத்த வெள்ளிக்குள் எங்கோ போயிருக்கும், ஆகஸ்ட் இறுதியில் வந்த படம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். குழந்தைகளுக்கான அனிமேஷன் படங்கள் இந்த வாரங்களைத் தவிர்ப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம், அதே வாரங்களில் வேறு விஷயங்கள் மக்களை இழுக்கின்றன. கோடை முடிவதற்குள் குடும்பத்தோடு ஒரு பயணம் போய்வந்துவிட வேண்டும் என்ற அவசரம் ஒருபுறம். ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் கல்லூரி அணிகளின் அமெரிக்கக் கால்பந்து மறுபுறம். மூன்றாவது காரணம் விருதுகள். ஆஸ்கரைக் குறிவைக்கும் படங்கள் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கும் வெனிஸ் திரைப்பட விழாவுக்கும், தொழிலாளர் தின வார இறுதியில் நடக்கும் டெல்யுரைடு விழாவுக்கும், செப்டம்பரில் வரும் டொராண்டோ விழாவுக்கும் காத்திருக்கும். பெரும் பொருட்செலவுப் படங்கள் முன்பே வந்துபோயிருக்கும், விருதுப் படங்கள் இன்னும் வந்திருக்காது. இடையில் உள்ள மூன்று நான்கு வாரங்களுக்கு என்று யாரும் ஆசைப்பட்டுப் படம் எடுத்துவைப்பதில்லை.

இனி எண்கள். அமெரிக்காவில் புதுப்படம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் வசூலே முதல் வார இறுதி வசூல். வியாழன் மாலையே நடத்தப்படும் முன்காட்சிகளின் பணத்தையும் வெள்ளிக்கிழமைக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். ஞாயிறு காலையில் வெளிவரும் எண் மதிப்பீடு மட்டுமே. அன்றைய மாலைக் காட்சிகளுக்கு எவ்வளவு வரும் என்ற ஊகமும் அதில் சேர்ந்திருக்கும். உண்மைக் கணக்கு திங்கட்கிழமை வரும். உள்நாட்டு வசூல் என்று சொல்லும்போது கனடாவையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

முதல் வார இறுதி வசூல் எதைக் காட்டுகிறது? விளம்பரம் எவ்வளவு வேலை செய்தது, நடிகருக்கும் கதாபாத்திரத்துக்கும் எவ்வளவு ஈர்ப்பு, எத்தனை அரங்குகள் கிடைத்தன என்பதை. படம் பார்த்தவர்களுக்குப் பிடித்ததா என்று அறிய இரண்டு எண்கள் தேவை. ஒன்று, இரண்டாம் வார இறுதியில் வசூல் எத்தனை சதவீதம் சரிந்தது என்பது. பெரிய தொடர்படங்கள் 50 முதல் 60 சதவீதம் வரை சரிவது சாதாரணம். மற்றொன்று, மொத்த உள்நாட்டு வசூலை முதல் வார இறுதி வசூலால் வகுத்தால் கிடைக்கும் மடங்கு. இரண்டரைக்குக் கீழே போனால் ரசிகர்கள் முதல் மூன்று நாளில் வந்து பார்த்துவிட்டார்கள், பிறகு ஆளில்லை என்று பொருள். மூன்றுக்கு மேல் என்றால் படம் நிலைத்து ஓடுகிறது. ஐந்தைத் தாண்டினால் பார்த்தவர்கள் அடுத்தவர்களை அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

1999 ஆகஸ்ட் 6 அன்று வெளியான 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். இயக்குநர் மனோஜ் நைட் ஷியாமளன், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயில் பிறந்தவர். படம் வெளியான நாள் அவருடைய 29ஆவது பிறந்த நாள். முதல் வார இறுதியில் 2.67 கோடி டாலர் வந்தது. நல்ல தொடக்கம், ஆனால் சாதனை எதுவும் இல்லை. அடுத்த வாரம் 50 சதவீதம் சரிய வேண்டிய வசூல், 4 சதவீதம்கூடச் சரியவில்லை. முதல் ஐந்து வார இறுதிகளிலும் தலா 2 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது, ஐந்திலும் முதலிடம். அதற்கு முன் தொடர்ந்து ஐந்து வாரம் அப்படி ஈட்டிய படம் 'டைட்டானிக்' ஒன்றுதான். கடைசியில் உள்நாட்டு மொத்தம் 29.35 கோடி டாலர். மடங்கு பதினொன்று.

படத்தின் முடிவில் வரும் திருப்பத்தை வெளியே சொல்லாமல், "போய்ப் பார், பிறகு பேசலாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தக்க படம் அது. முடிவு தெரிந்த பிறகு முதலிலிருந்து மறுபடி பார்க்கத் தூண்டும் படமும்கூட. இப்படிப்பட்ட பேச்சு ஊரெல்லாம் பரவ நாளாகும். ஜூன் மாதத்தில் வந்திருந்தால் இரண்டாம் வாரமே ஒரு பெரும் படம் வந்து அரங்குகளைப் பிடுங்கியிருக்கும். ஆகஸ்டில் அதற்கு எதிரே வலுவான போட்டி வரிசைகட்டி நிற்கவில்லை. கூட்டம் குறைந்த காலம்தான். ஆனால் வந்த கூட்டத்தைப் பங்குபோட ஆளும் குறைவு. ஆகஸ்ட் வெளியீட்டின் முழு சூட்சுமமும் இதில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக 2016 ஆகஸ்ட் 5 அன்று வந்தது 'சூசைட் ஸ்குவாட்'. முதல் வார இறுதி 13.37 கோடி டாலர், ஆகஸ்ட் மாதச் சாதனை. இரண்டாம் வாரம் 67 சதவீதம் சரிந்து 4.35 கோடிக்கு வந்தது. மொத்தம் 32.5 கோடி, மடங்கு இரண்டரையைத் தொடவில்லை.

மொத்த வசூலை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது படமே பெரிய வெற்றி என்பார். டிக்கெட் விலையைக் கணக்கில் எடுத்துப் பாருங்கள். 1999இல் அமெரிக்காவில் சராசரி டிக்கெட் விலை 5 டாலரைச் சற்றே தாண்டியிருந்தது; 2016இல் 8 டாலர் 65 சென்ட். வகுத்துப் பார்த்தால் 'தி சிக்ஸ்த் சென்ஸ்' ஏறக்குறைய 5.8 கோடி டிக்கெட்டுகளும், 'சூசைட் ஸ்குவாட்' ஏறக்குறைய 3.8 கோடி டிக்கெட்டுகளும் விற்றிருக்கின்றன. முதல் நாள் ஆரவாரம் இல்லாமல் வந்த படத்துக்கு இரண்டு கோடி டிக்கெட்டுகள் கூடுதலாக விற்றிருக்கின்றன! மடங்கு என்ற அளவுகோலை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: வகுக்கப்படும் எண், வகுக்கும் எண் இரண்டிலும் ஒரே ஆண்டின் விலை இருப்பதால், விலைவாசி ஏற்றம் அதை ஏமாற்ற முடியாது.

ஆகஸ்டில் வந்து இப்படி நீண்டு ஓடியது 'தி சிக்ஸ்த் சென்ஸ்' மட்டுமல்ல. 1993 ஆகஸ்ட் 6 அன்று வந்த 'தி ஃபியூஜிடிவ்' ஆறு வார இறுதிகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது. 2011 ஆகஸ்ட் நடுவில் வந்த 'தி ஹெல்ப்' 2.6 கோடியில் தொடங்கி கிட்டத்தட்ட 17 கோடியில் முடிந்தது. 2018 ஆகஸ்ட் 15இல் வந்த 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' 3 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம், 2.65 கோடியில் தொடங்கி, இரண்டாம் வாரம் 6 சதவீதம் மட்டுமே சரிந்து, உள்நாட்டில் 17 கோடியைத் தாண்டியது. தங்கள் முகம் கொண்ட நாயகர்களை ஹாலிவுட் படத்தில் அபூர்வமாகவே பார்த்துப் பழகிய ஆசிய அமெரிக்கர்கள், குடும்பம் குடும்பமாக, பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படி வருபவர்கள் முதல் வெள்ளிக்கிழமைக்கு அவசரப்படுவதில்லை. அவர்களுக்கு நான்காவது வாரத்திலும் படம் அரங்கில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் அதற்கு இடம் கொடுத்தது.

திகில் படங்களுக்கும் இந்த வாரங்கள் ஒத்துவரும். அவற்றின் பார்வையாளர்கள் இளைஞர்கள், மாலைக் காட்சிக்கு வருபவர்கள். பள்ளி திறப்பதால் பகல் காட்சி போனாலும் அவர்களுக்கு இழப்பில்லை. செலவும் குறைவு. 2016 ஆகஸ்ட் 26 அன்று, அதாவது எல்லோரும் செத்த வாரம் என்று ஒதுக்கும் வாரத்தில் வந்த 'டோன்ட் ப்ரீத்', ஒரு கோடி டாலருக்கும் சற்றுக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு முதல் மூன்று நாளிலேயே 2.64 கோடி ஈட்டியது. 2025 ஆகஸ்ட் 8இல் வந்த 'வெப்பன்ஸ்' 4.35 கோடியில் தொடங்கி 15 கோடியை எட்டியது.

டிக்கெட் பணம் முழுவதும் தயாரித்தவருக்குப் போவதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய பாதி திரையரங்குக்கு. விளம்பரச் செலவு தனி. பெரிய படங்களுக்கு அதுவே சில நேரம் படமெடுத்த செலவை நெருங்கும். ஒரு படம் தன் செலவைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு வசூலித்தால்தான் திரையரங்கிலேயே கைக்காசு திரும்பும் என்பது பொதுவான கணக்கு. அதனால்தான் ஒரு கோடியில் எடுத்த படத்துக்கு ஆகஸ்ட் இறுதி பொன்னான காலம். 15 கோடியில் எடுத்த படத்துக்கு அதே வாரம் தண்டனை.

தூக்கி எறியப்படும் படங்களும் இல்லாமல் இல்லை. 2012 ஆகஸ்ட் 29 அன்று, தொழிலாளர் தினத்துக்கு முன்பு, 'தி ஊகிலவ்ஸ் இன் தி பிக் பலூன் அட்வென்ச்சர்' என்ற குழந்தைகள் படம் 2,160 திரையரங்குகளில் வெளியானது. வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாளில் அது ஈட்டியது 4,43,901 டாலர். ஒரு திரையரங்குக்குச் சுமார் 205 டாலர். அன்றைய டிக்கெட் விலை சராசரி 8 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு திரையரங்கில் மூன்று நாளில் மொத்தம் இருபத்தைந்து, இருபத்தாறு பேர். அரங்குக்குச் சராசரி என்ற இந்தக் கணக்கை எப்போதும் போட்டுப் பாருங்கள். எத்தனை அரங்குகளில் வெளியானது என்ற எண்ணைப் பெருமையாக விளம்பரம் செய்வார்கள்; வகுத்துப் பார்த்த பிறகே உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்பது தெரியும்.

தொழிலாளர் தின வார இறுதி பற்றித் தனியாகப் பேச வேண்டும். திங்களும் விடுமுறை என்பதால் நான்கு நாள் வசூல் சொல்வார்கள். முந்தைய வாரத்தின் மூன்று நாளோடு அதை ஒப்பிட்டு "வசூல் கூடியது" என்று எழுதும் செய்திகளை நம்பாதீர்கள். மூன்று நாளை மூன்று நாளோடுதான் ஒப்பிட வேண்டும். நீண்ட விடுமுறையாக இருந்தும் இந்த வார இறுதி பல ஆண்டுகளாக மிகப் பலவீனமாகவே இருந்தது. 2007இல் 'ஹாலோவீன்' நான்கு நாளில் ஈட்டிய 3.06 கோடி டாலர்தான் பதினான்கு ஆண்டுகள் சாதனையாக நின்றது. 2021 செப்டம்பர் 3 அன்று, கொரோனா அச்சம் இன்னும் நீங்காத நேரத்தில், மார்வெல் நிறுவனம் 'ஷாங்-சி' படத்தை அதே வார இறுதியில் வெளியிட்டது. நான்கு நாளில் 9.47 கோடி. பழைய சாதனையைப்போல் மூன்று மடங்கு.

இதைவிட எனக்கு வலுவாகப் படும் சான்று 2017. அந்த ஆண்டு தொழிலாளர் தின வார இறுதியில் எந்த நிறுவனமும் பெரிய அளவில் புதுப்படம் வெளியிடவில்லை. மூன்றாவது வாரமாக ஓடிய ஒரு பழைய படம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்கர்கள் திரையரங்கை மறந்துவிட்டார்கள் என்று கவலைக் கட்டுரைகள் வந்தன. சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 8 அன்று, பள்ளிகள் எல்லாம் திறந்துவிட்ட பிறகு 'இட்' வெளியானது. முதல் மூன்று நாளில் 12.34 கோடி டாலர். ஒரு வாரத்துக்குள் நாட்டு மக்கள் எவரும் மாறிவிடவில்லை. அவர்களுக்குப் பார்க்க ஒரு படம் கிடைத்தது, அவ்வளவே. மந்தமான வாரம் என்று நினைத்துப் படம் தராமல் இருக்கிறார்கள், படம் இல்லாததால் வாரம் மந்தமாகிறது, மந்தமாகிவிட்டதால் அடுத்த ஆண்டும் படம் தருவதில்லை. பள்ளி திறப்பு உண்மையான காரணம் என்றாலும், இந்தச் சுழற்சியும் அதற்குச் சமமான காரணம் என்பதே என் கருத்து.

ஆகஸ்டின் முதல் பாதியில் இந்தச் சுழற்சி ஏற்கெனவே உடைந்துவிட்டது. 2014 ஆகஸ்ட் 1 அன்று வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' 9.43 கோடியில் தொடங்கி, 33 கோடிக்கு மேல் ஈட்டி, அந்த ஆண்டுக் கோடையில் உள்நாட்டில் அதிகம் வசூலித்த படமானது. அதன்பின் ஆகஸ்ட் முதல் இரண்டு வாரங்களை ஜூலையின் நீட்சியாகவே நிறுவனங்கள் பார்க்கின்றன. கடைசி இரண்டு வாரங்கள்தான் இன்னும் தயக்கத்தில் கிடக்கின்றன.

நம் படங்களுக்கு இந்த நாள்காட்டி பொருந்தாது. 'ஜெயிலர்' 2023 ஆகஸ்ட் 10 அன்றும், 'கூலி' 2025 ஆகஸ்ட் 14 அன்றும் வெளியானது இந்தியச் சுதந்திர தின விடுமுறையை ஒட்டி. அமெரிக்கப் பள்ளிகள் எப்போது திறந்தால் என்ன? அங்குள்ள தமிழர்கள் முந்தைய நாள் மாலைச் சிறப்புக் காட்சிகளிலேயே திரண்டுவிடுகிறார்கள். இதனால் அமெரிக்காவில் தமிழ்ப் படங்களின் மடங்கு இரண்டைத் தொடுவதே கடினம். அதை வைத்துப் படம் பிடிக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. இரண்டாம் வாரமே மல்டிபிளக்ஸ்கள் அரங்குகளைக் குறைத்துவிடுவதும் அந்த எண்ணைக் கீழே இழுக்கிறது. தமிழ்ப் படத்துக்கு முதல் சனிக்கிழமை வசூலையும் இரண்டாம் சனிக்கிழமை வசூலையும் எடுத்து, அரங்குக்குச் சராசரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறப்புக் காட்சிகளின் ஆரவாரம் கழிந்து, படம் தன் காலில் நிற்கிறதா என்பதை அந்த இரண்டு சனிக்கிழமைகளும் சொல்லிவிடும்.